இடம் விட்ட கல்

விடியற்காலை மூன்றரை மணி.
பர்கூர் சிப்காட்டில் பாலிஷ் மெஷின்கள் ஓய்ந்து
குழாய்த் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.
என் போனுக்குள் ஓர் அயல்நாட்டு நாடாளுமன்றம்
இரைந்துகொண்டிருக்கிறது.
போகலாமா, போவதென்றால் எப்படிப் போவது
என்று இது பதினோராவது வாக்கெடுப்பு.

உனக்கு அதில் என்ன வேலை என்பீர்கள்.
அறுபத்திரண்டு கல்லறைக் கற்கள்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் வெட்டியெடுத்த கறுப்பு.
கப்பலில் இருபத்தாறு நாள்.
இவை கரை தொடும்போது அந்த நாடு
வணிகக் கூட்டமைப்புக்கு உள்ளே இருக்குமா,
வெளியே நிற்குமா,
வாசற்படியில் ஒரு கால் வைத்திருக்குமா?
உள்ளே என்றால் ஒரு படிவம்.
வெளியே என்றால் வேறு படிவம், வேறு வரி.
வாசற்படிக்கு இன்னும் படிவம் அச்சாகவில்லை.

ஆம் என்பவர்களுக்கு ஒரு கதவு,
இல்லை என்பவர்களுக்கு எதிர்க் கதவு.
போச்சம்பள்ளிச் சந்தையில் ஆட்டை எண்ணுவதுபோல்
ஒவ்வொரு தலையாக எண்ணுகிறார்கள்.
போன வாரம் போவதற்கு ஒப்பவில்லை.
திங்களன்று இருப்பதற்கு ஒப்பவில்லை.
புதனன்று
எதற்கும் ஒப்பாமல் கிடப்பதற்கும் ஒப்பவில்லை.

நேற்று சாயங்காலம் முதலாளி அஸ்லம் பாஷா சொன்னார்:
"பங்கு பிரிச்சிக்கிட்டுப் போறேங்கறான்,
கிணத்து முறைய மட்டும் விடமாட்டேங்கறான்.
இதே கேசு நம்ம கோர்ட்டுல
பத்தொம்பது வருசமா ஓடுது.
ரெண்டு வக்கீலும் செத்தாச்சு."

சரக்கு கேட்ட டெரிக்கின் கடிதங்கள்
என் மேசையில் வரிசையாக:
செவ்வாய், உடனே அனுப்பவும்.
வியாழன், நிறுத்தவும்.
வெள்ளி இரவு, அனுப்பவும், ஆனால் மெதுவாக.
கப்பலிடம் மெதுவாக என்று
யார் போய்ச் சொல்வது?

தூக்கம் கலைக்க எழுந்து போய்
நாற்பத்தோராவது கல்லின்மேல் கை வைத்தேன்.
எழுத்து வெட்டும் ஜகபந்து ஒடிசாக்காரன்.
அந்த மொழியும் தெரியாது, நம் மொழியும் அரைகுறை.
ஸ்டென்சில் ஒட்டி மணலைப் பீய்ச்சுவான்.
இதுவரை ஒரு தேதி தப்பியதில்லை.

இந்தக் கல்லில் இரண்டு பெயர்.
கணவருக்குப் பிறப்பு, இறப்பு, இரண்டும் உண்டு.
கீழே வயலட்.
பிறந்த வருடம், ஒரு கோடு,
அப்புறம் வெறும் வழவழப்பு.
குனிந்தால் என் முகம் தெரிகிறது அதில்.

வயலட் உயிரோடிருக்கிறார்.
முன்பணம் கட்டியதே அவர்தான்.
போகலாம் என்று ஓட்டுப் போட்டாரா, இருக்கலாம் என்றா,
நான் யார் கேட்க?
வரி ஏறினால் மீதி அவர் பென்ஷனிலிருந்து போகும்,
அது தெரியும்.
பிரதமர் பேச்சில் 'மக்கள்' பதினேழு முறை வந்தது.
எதிர்க்கட்சித் தலைவர் பேச்சில் இருபத்திரண்டு.
விரல் விட்டு எண்ணினேன்,
டீக்கடை திறக்கும்வரை வேறு வேலை இல்லை.

நாலு பத்துக்கு முடிவு.
எட்டு வாக்கு வித்தியாசத்தில் தள்ளிவைப்பு.
எதுவரை?
அதற்குத் தனி வாக்கெடுப்பு.

ஐந்தேகாலுக்குக் கன்டெய்னர் வண்டி வந்தது.
மரச்சட்டத்தில் நிமிர்த்தி, வைக்கோல் அடைத்து,
வயலட்டை ஓரமாக,
உரசாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.
ஜகபந்து ஏன் என்று கேட்கவில்லை.

படிவத்தில் எட்டாவது கட்டம்:
சேரும் நாடு எந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்தது?
பேனாவை வைத்தேன். எடுத்தேன்.
ஒரு கோடு கிழித்தேன்.
அதற்கு அப்பால் அப்படியே விட்டுவிட்டேன்.

எடைமேடையில் இருபத்து மூன்று டன் நானூறு.
டிரைவர் குப்புராஜ் தாள்களை வாங்கி மடித்தபடி,
"எல்லாம் சரியா இருக்கா சார்?
வாலாஜா தாண்டினா நோண்டி நோண்டிக் கேப்பானுங்க."

"இருக்கிறவரைக்கும் இருக்கு" என்றேன்.

அவர் பின் டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டு
வண்டியில் ஏறினார்.